உயரப் பந்து

அல்போன்சின் தலை ஊருக்கே தெரிந்த தலை. சேலத்தில் ஒரு கல்லூரியில் அவன் பந்தாடப் போன இரண்டாம் வருஷமே, ஆனைக்கல்பட்டி மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட, "இவன்தானே அந்தத் தலைக்காரன்?" என்று கேட்டு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பந்து எத்தனை உயரத்தில் வந்தாலும் எகிறி, நெற்றியால் முட்டி, வந்த வழியே திருப்பி அனுப்புவான். அவன் அப்பன் சவரிராயன் ஒரே ஒரு ஆட்டம்தான் பார்த்திருந்தான். பார்த்துவிட்டு வந்து ஒரு மாசத்துக்கு அதையே பேசிக்கொண்டிருந்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கடலைக்காய் பிடுங்கும் சமயத்தில்தான் அந்தத் தலையைப் பற்றி அவன் அம்மா வேளாங்கண்ணிக்குச் சந்தேகம் வந்தது.

தொப்பூர்க் கணவாய் இறங்கும் பெங்களூர் ரோட்டிலிருந்து மேற்கே பிரிந்து போகிற மண்பாதையில் இருக்கிறது ஆனைக்கல்பட்டி. ரோட்டில் லாரி கியர் மாற்றும் முக்கல் ஊர்வரைக்கும் கேட்கும். மானாவாரி நிலம். ராகி, கடலை, கொள்ளு. அந்த வருஷம் ஐப்பசி மழை முன்னாடியே பிடித்துக்கொண்டது. காய் மண்ணிலேயே முளைத்துவிடும் என்று ஊரே அவசர அவசரமாகச் செடி பிடுங்கியது. சவரிராயன் ஈர மண்ணோடு செடியைப் பிடுங்கி உதறிப் போட, வேளாங்கண்ணியும் மகள் தெரசாவும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். விரல் நுனியெல்லாம் சேறு ஏறி விறைத்துப்போனது.

கல்லூரி லீவு நாள். அல்போன்சும் கடலைக்காட்டில்தான் இருந்தான்.

"சாமி, வூட்டுக்குப் போயி ரெண்டு சாக்கு எடுத்துக்கினு வா. மறுபடியும் மழ கட்டுது" என்றாள் வேளாங்கண்ணி.

அவன் போனான். வெகுநேரம் வரவில்லை. தெரசா எழுந்து பார்த்துவிட்டு, "அண்ணன் வரப்பு மேலயே நிக்குதும்மா" என்றாள். வேளாங்கண்ணி போய்ப் பார்த்தாள். பாதி வழியில் வரப்பின்மேல் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் சாக்கு இல்லை.

"என்னாடா நின்னுட்ட?"

"எதுக்கும்மா அனுப்புன?"

"சாக்கு எடுத்தாரத்தான."

"ஆமா, சாக்கு" என்று சிரித்தான். சிரிப்பு கண்வரைக்கும் வரவில்லை. கண்ணை வெயிலுக்குச் சுருக்குவதுபோலச் சுருக்கிக்கொண்டிருந்தான். வானத்தில் வெயிலே இல்லை.

அதற்குப் பிறகு அவள் கவனிக்க ஆரம்பித்தாள். தெரசா குடத்தைக் கல்லில் வைக்கிற சத்தத்துக்கு அவன் முகம் சுளிப்பதைப் பார்த்தாள். தங்கச்சியை ஒரு சொல் சொல்லாதவன், சோற்றுத் தட்டு கீழே விழுந்ததற்கு அவளை அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கையை அவனே பார்த்துப் பயந்துபோய் வெளியே போய்விட்டான். படிக்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வான். சேலத்தில் கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கிப் போட்டான். நிற்கவில்லை. வேளாங்கண்ணி சுக்கரைத்துப் பத்துப் போட்டாள். அதற்கும் நிற்கவில்லை.

"பரீச்ச வருதுன்னா அப்பிடித்தான் இருக்கும். படிக்கிற புள்ளைக்குத் தல வலிக்காம, மாடு மேய்க்கிறவனுக்கா வலிக்கும்?" என்றான் சவரிராயன்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் அன்வர் பாஷா நின்றிருந்தான். தருமபுரியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நூர் பாஷாவின் மகன். அல்போன்சும் அவனும் ஒரே வகுப்பு, தினமும் ஒரே பஸ். அவன்தான் அணிக்குக் கோல்கீப்பர், அந்த வருஷம் கேப்டனும் அவனே.

சவரிராயனுக்குச் சந்தோஷம். கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். "அல்போன்சு படுத்திருக்கான், எழுப்பட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாங்க. எழுப்பாதீங்க. நான் ஒங்களதான் பாக்க வந்தேன்."

வேளாங்கண்ணி அவனுக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். அவன் பிட்டுப் பிட்டு உருட்டினானே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"குழம்பு காரமா?"

"இல்லம்மா. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. அவனுக்குத் தெரிஞ்சா என்கிட்ட பேச மாட்டான்."

"பரவால்ல, சொல்லு."

"போன வியாழக்கெழம ஒரு ஆட்டம். மழையில ஆடுனோம். பந்து தோலு பாருங்க, தண்ணி குடிச்சா கல்லு மாதிரி ஆயிரும். அத இவன் முட்டி முட்டி எடுத்தான். அப்புறம் என்கிட்ட வந்து, அன்வரு, நம்ம கோல் எந்தப் பக்கம்னு கேட்டான். வெளையாட்டுக்குக் கேக்கறான்னு நெனச்சேன். மூஞ்சப் பாத்தா அப்பிடி இல்ல."

சவரிராயன் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "எங்கியாச்சும் வுழுந்தானா? மயக்கம் போட்டானா?"

"ஒரு நாளும் இல்லீங்க. அதனாலதான் யாருக்கும் தெரியல. தெனம் சாயங்காலம் மாஸ்டர் மூலையில இருந்து பந்த ஒதச்சு வுடுவாரு, இவன் முட்டணும். மத்தவங்க நாலு முட்டுனா ஒக்காந்துக்குவாங்க. இவன் இருட்டற வரைக்கும் முட்டுவான். ஒவ்வொண்ணும் சின்ன அடிதான். ரெண்டு வருசமா வாங்கிக்கினே இருக்கான்."

"எம்மாடி" என்றாள் வேளாங்கண்ணி மெதுவாக.

"க்ளாசுல போன வாரம் சார் பேரே அவனுக்கு வரல. பஸ்ஸு கணவாயில குலுங்குனா தலைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கறான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். தை மாசம் பெங்களூர் ஃபேக்டரிக்காரங்க ஆளெடுக்க வராங்க இல்ல? அதுக்காவத்தான்."

அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சேதி. பெங்களூரில் ஒரு பெரிய ஃபேக்டரி தன் அணிக்குப் பந்தாட்டக்காரர்களை எடுக்கும். ஆடுகிறவனுக்கு ஃபேக்டரியிலேயே நிரந்தர வேலை. பொங்கல் கழித்துச் சேலத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் வருகிறார்கள். சவரிராயன் ஒரு வருஷமாக அந்த வேலையிலேயே குடியிருந்தான்.

"நீயும் அந்த ஆட்டத்துக்குத்தான காத்திருக்க? இவன் இல்லன்னா ஒங்களுக்குக் கஷ்டமில்லியா?" என்று கேட்டாள் வேளாங்கண்ணி.

"கஷ்டந்தாம்மா" என்றான் அன்வர். ஒரு கவளம் களியை எடுத்து விழுங்கினான்.

மறு வாரமே வேளாங்கண்ணி மகனை வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். அன்வர் சொன்னது அவனுக்குத் தெரியாது. தலைவலிக்குக் காட்டிவிட்டு வரலாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். சவரிராயனும் கூட வந்தான். திருப்பத்தூர் வழியாகப் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் அல்போன்ஸ் இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தது நரை கண்ட ஒரு டாக்டரம்மா. படம் எடுத்துப் பார்த்ததில் மண்டை ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சவரிராயன் முகம் தெளிந்தது. டாக்டரம்மா அதோடு விடவில்லை. அல்போன்சை ஒரு கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். எருதின் முதுகில் நின்றுகொண்டே போகக்கூடியவன், தடுமாறிச் சுவரைப் பிடித்தான். மாசங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று வந்தவன் ஆகஸ்டில் நின்றான். திரும்ப டிசம்பரிலிருந்து தொடங்கினான். மறுபடியும் ஆகஸ்டிலேயே நின்றான். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"போதும்ப்பா. வெளியில நிழல்ல உட்காரு" என்றார் டாக்டரம்மா. அவன் போனதும் பெற்றவர்களைப் பார்த்தார். "பந்தைத் தலையால அடிக்கிறானா?"

வேளாங்கண்ணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"பெரிய அடி எதுவும் படலீங்க" என்றான் சவரிராயன்.

"பட்டிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பீங்க. இது சின்னச் சின்ன அடி. ஒரு அடியில மூளை லேசா அதிரும், தானா ஆறிடும். ஆறுறதுக்குள்ள அடுத்தது, அதுக்குள்ள இன்னொண்ணு. படத்துல எதுவும் தெரியாது. உள்ள அசதி சேர்ந்துட்டே போகும்."

"மருந்து?"

"தலைவலிக்கு மாத்திரை தரேன். மத்ததுக்கு மருந்து இல்லை. ஓய்வுதான். வெயில் கூடாது, பஸ் குலுக்கல் கூடாது, கொஞ்ச நாளைக்குப் படிப்பு வேண்டாம். வலி குறையக் குறையக் கொஞ்சங் கொஞ்சமா வேலை குடுங்க. வலி வந்தா நிறுத்திடுங்க. பந்தைத் தலையில வாங்குறது மட்டும் கூடவே கூடாது."

"தை மாசம் ஒரே ஒரு ஆட்டம் இருக்குதுங்க. அவன் பொழப்பே அதுல இருக்குது" என்றான் சவரிராயன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "எனக்கு இதுல எல்லாம் தெரியும்னு சொல்ல மாட்டேன். குத்துச்சண்டை போடுறவங்களைப் பார்த்து எழுதியிருக்காங்க. வயசானப்புறம் கை நடுங்கி, பேச்சுக் குழறி, பெத்த பிள்ளையையே தெரியாமப் போனவங்க உண்டு. பந்தாடுறவங்களைப் பத்தி எழுதினது ரொம்பக் கம்மி. உங்க பையனுக்கு அப்படி ஆகும்னு நான் சொல்லலை. ஆகாதுன்னும் சொல்ல முடியலை."

திரும்பி வரும் பஸ்ஸில் வேளாங்கண்ணி மகன் தலையைத் தன் தோளில் சாய்த்து, குலுங்காமல் கையால் தாங்கிக்கொண்டே வந்தாள். திருப்பத்தூர் தாண்டியதும், "இனிமே இவன் ஆட மாட்டான்" என்றாள். புருஷனிடம் சொன்னாளா, மகனிடம் சொன்னாளா என்று இருவருக்கும் தெரியவில்லை.

கார்த்திகையும் மார்கழியும் அந்த வீடு மெதுவாகப் பேசியது. உள்ளறை ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள் வேளாங்கண்ணி. தெரசா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். ராகி அறுப்பு வந்தது. விடியற்காலைப் பனியில் கதிர் கொய்து, களத்தில் காயப் போட்டு, மாடு பூட்டிக் கல்லுருளை ஓட்டினார்கள். அல்போன்சை அந்தப் பக்கமே விடவில்லை. முதல் மூன்று வாரம் அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். பிறகு வலி விட்டுவிட்டு வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் முகம் தெளிந்து, கோயிலில் குடில் கட்டப் போனான். தெரசாவோடு சிரித்துப் பேசினான்.

தெளிந்ததே தொந்தரவாகப் போனது.

"எனக்குச் சரியாயிருச்சும்மா. ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் நீ சொல்ற மாதிரி கேக்கறேன்."

"அந்தம்மா என்னா சொன்னாங்க?"

"அவங்களுக்கே தெரியாதுன்னுதான சொன்னாங்க? நீ அத மட்டும் காதுல வாங்க மாட்டியா?"

"தெரியாத எடத்துல ஒன்ன எறக்கி வுட மாட்டேன்."

"இங்கியே கெடந்து கடல புடுங்கவா என்ன இத்தன படிக்கவச்ச?"

"புடுங்கு. எதுக்கு வந்தோம்னு தெரிஞ்சு புடுங்கு. அது போதும் எனக்கு."

பொங்கலுக்கு முன்னால் மாட்டுக்குக் கயிறு வாங்கச் சேலம் போன சவரிராயன், கல்லூரிக்கும் போய் விளையாட்டு மாஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தான். மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலிருந்து முட்டை அவித்துக் கொண்டுவருகிறவர். தலைவலி எந்த ஆட்டக்காரனுக்குத்தான் இல்லை என்றார். ரெண்டு மாசம் ஓய்வு எடுத்தது போதும், மைதானத்தில் வந்து நின்றாலே போதும், ஃபேக்டரிக்காரர்கள் அவனை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார்கள் என்றார். சவரிராயன் அதை அப்படியே வந்து மகனிடம் மட்டும் சொன்னான்.

ஆட்டத்தன்று காலையில் வேளாங்கண்ணி களத்தில் ராகி தூற்றிக்கொண்டிருந்தாள். காற்று நன்றாக விழுந்தது. முறத்தைத் தலைக்குமேல் தூக்கி ஆட்ட, பதர் பறந்து மணி காலடியில் கொட்டியது. தெரசா ஓடிவந்தாள்.

"எம்மா, அப்பாவும் அண்ணனும் பஸ் ஏறிட்டாங்க. ஷூவப் பையில போட்டுக்கினு போச்சு அண்ணன்."

வேளாங்கண்ணி முறத்தை இறக்கி வைத்தாள். தலையிலும் முகத்திலும் ஒட்டியிருந்த உமியை முந்தானையால் துடைத்தாள். "களத்தப் பாத்துக்க. கோழி வுட்ராத" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த பஸ்ஸுக்கு மத்தியானம் ஆகும். தொப்பூரில் சாப்பாட்டுக் கடைகள் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. இதுவரை அவள் லாரியில் ஏறியதில்லை. கை கழுவிவிட்டு வந்த ஒரு வயசான டிரைவரிடம் போய், "அண்ணா, சேலத்துக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. பொம்பள ஆள ஏத்தறதில்ல."

"எம்புள்ள ஒரு எடத்துக்குப் போயிருக்கான். போனா கெட்டுப்போவான். நான் போய்ச் சேரணும்."

அவர் அவள் காலைப் பார்த்தார். செருப்பில்லை. புழுதியோடு ராகி உமி ஒட்டியிருந்தது. "ஏறும்மா. கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க" என்றார்.

அவள் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. கூட்டம் சுற்றி நின்றது. நிழலில் நாற்காலி போட்டு ஃபேக்டரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அணியும் பழகிக்கொண்டிருந்தன. மூலையிலிருந்து யாரோ உதைத்த பந்து உயர்ந்து வந்தது. அல்போன்ஸ் எகிறினான். நெற்றியில் பட்டுப் பந்து தெறித்தது. கூட்டம் கை தட்டியது. வேளாங்கண்ணிக்குப் பந்து பட்ட சத்தம் தன் மார்பில் விழுந்தது போலிருந்தது.

அவன் தரைக்கு வந்து அப்படியே நின்றான். பிறகு பந்து போன பக்கம் போகாமல், கூட்டத்தைப் பார்த்து மெல்ல நடந்தான். மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கோல் கம்பத்தருகே நின்ற அன்வர் மட்டும் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தான்.

"அல்போன்சு, இன்னிக்கி யார்கூட ஆட்டம்?"

அல்போன்ஸ் போன வருஷம் ஆடிய கல்லூரியின் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டுக் குனிந்து வாந்தி எடுத்தான்.

சவரிராயன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். எதிரே வேளாங்கண்ணி வருவதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவள் அவனைத் தாண்டிப் போய் மகன் கையைப் பிடித்தாள். மாஸ்டரும் வந்து சேர்ந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, வெறும் வயித்துல வந்திருப்பான். சோடா குடிச்சா சரியாயிரும்."

"ஐயா, இவன் ஆட மாட்டான்."

"கொஞ்சம் யோசிங்கம்மா. இது அவன் வாழ்க்க. அவங்க பெங்களூர்ல இருந்து இவனப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

"இவன் பொழைக்கணும்னுதான் நானும் வந்திருக்கேன். இவன் இப்ப யாருன்னு இவனயே கேளுங்க. இங்க எதுக்கு வந்தான்னு கேளுங்க. சொல்லிட்டான்னா நான் போயிர்றேன்."

மாஸ்டர் அல்போன்சைப் பார்த்தார். "அல்போன்ஸ்?" என்றார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். வாய் துடைக்கத் தந்த கைக்குட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மாஸ்டர் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். அப்போதும் அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

"சார், நான் கேப்டன். அவன் இல்லாம ஆடறோம்" என்றான் அன்வர்.

"அன்வர், அவன் இல்லன்னா பின்னால யாருடா இருக்கா? நீதான் வாங்கிக் கட்டிக்கணும்."

"கட்டிக்கறேன் சார்."

அன்வர் திரும்பிப் பார்க்காமல் கோலுக்குப் போனான். வேளாங்கண்ணி மகனைக் கோட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், வேப்பமர நிழலில் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். அந்த நிலையில் அவனைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருந்தார்கள். சவரிராயன் நாலடி தள்ளித் தலையைக் குனிந்து நின்றான். அணி தோற்றது. ஃபேக்டரிக்காரர்கள் எதிரணியில் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். அன்வரையும் அவர்கள் கூப்பிடவில்லை.

பஸ்ஸை விட்டிறங்கி ஊருக்கு நடக்கையில் மகனை ஒரு பக்கம் தாங்கி வந்த சவரிராயன், "ஏம்மே, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றான்.

"சரி. அந்தப் பக்கம் கெட்டியாப் புடிங்க. பள்ளம் வருது" என்றாள் அவள்.

இந்தத் தடவை எளிதில் தெளியவில்லை. அல்போன்ஸ் இரண்டு மாசம் வெளிச்சத்துக்கே வரவில்லை. வந்தபோது யாரிடமும் பேசவில்லை. வேலூர் போகுமுன்பே அன்வர் வீட்டுக்கு வந்து சொன்னது அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்வர் மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் அல்போன்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வேளாங்கண்ணி அன்வருக்குச் சோறு போட்டு அனுப்பினாள். அவன் படிப்பு முடிந்து அப்பன் சைக்கிள் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அல்போன்ஸ் அந்த வருஷப் பரீட்சை எழுதவில்லை.

பங்குனியில் புளி உலுக்கினார்கள். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டுகிற சத்தம் தாங்காமல் அவன் காதைப் பொத்துவான். வேளாங்கண்ணி தட்டும் வேலையைத் தூரத்துக் கொட்டகைக்கு மாற்றினாள். தட்டிய புளியை ஒரு கூடையில் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நார எடு."

"எதுக்கு?"

"எடுக்கணும். வலிச்சா வச்சிரு."

முதல் நாள் ஒரு கை அளவு எடுத்துவிட்டு வைத்தான். மறுநாள் இரண்டு கை. வலி வந்தால் வைத்துவிட வேண்டும் என்பதில் அவள் கறாராக இருந்தாள். ஒரு நாள் வீம்புக்குக் கூடை முழுவதும் எடுத்துவிட்டு இரவெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். காலையில் அவள் திட்டவில்லை. அன்றைக்குக் கூடையே வைக்கவில்லை. புளி முடிந்து மாங்காய் வந்தது. நிழலில் உட்கார்ந்து தரம் பிரித்தான். ஆடியில் ஏர் பின்னால் போய் விதை போட்டான். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவன் கேட்காவிட்டாலும் சவரிராயன் ஏரை நிறுத்திவிடுவான். மழைக்காலத்தில் தெரசா பாடப் புத்தகத்தை மெல்லிய குரலில் வாசித்தாள். அவள் எட்டாவதோடு நின்றவள். பொருளாதாரப் பாடத்துச் சொற்களைத் தடுக்கித் தடுக்கி வாசிப்பாள். அவன் கண்ணை மூடிக் கேட்டுத் திரும்பச் சொல்வான். பல நாள் பாதியில் நின்றுபோகும். "மறுபடியும் மொதல்ல இருந்து வாசி" என்பான். அவள் சலிக்காமல் வாசிப்பாள்.

மார்கழியில் ஒரு நாள், அவனாகவே, "அன்வரு வரலியா?" என்று கேட்டான். வேளாங்கண்ணி அன்றே தருமபுரிக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். அன்வர் மறுநாளே வந்தான். நண்பர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை. போகும்போது அன்வர், அல்போன்ஸ் பரீட்சை எழுதாமல் விட்ட பாடங்களை ஞாயிறுதோறும் வந்து சொல்லித் தருவதாகச் சொன்னான். தவறாமல் வந்தான்.

எழுபத்து ஐந்தாம் வருஷம் சித்திரை வெயிலில் அல்போன்ஸ் பரீட்சைக்குப் போனான். தேறி, பின்னால் நல்லம்பள்ளியில் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். கடுமையான வெயிலில் தலைவலி அவனைக் கடைசிவரை விடவில்லை. அதெல்லாம் பிறகு; சித்திரையில் அவன் போனது முதல் பரீட்சைக்கு. வேளாங்கண்ணி கூடப் போனாள். அன்வரும் கடையை மூடிவிட்டு வந்திருந்தான். ஹாலில் பாதியில் அல்போன்ஸ் பேனாவை வைத்துவிட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்தான். மேற்பார்வைக்கு வந்தவர் பக்கத்தில் வந்து, "உடம்புக்கு என்ன? வெளிய போறியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். வலி ஒரு அலைபோல வந்து இறங்கும்வரை காத்திருந்துவிட்டு நிமிர்ந்து, மறுபடியும் எழுதினான். மணி அடித்ததும் வெளியே வந்தான்.

"கடைசிக் கேள்விய வுட்டுட்டேன்."

"மத்ததெல்லாம்?" என்றாள் வேளாங்கண்ணி.

"எழுதிட்டேன்."

கல்லூரிக்கு எதிரே ஒரு டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அல்போன்ஸ் கேட்டான். "அன்வரு, அன்னிக்கி ஆட்டத்துல எத்தன கோலு?"

அன்வர் நிமிர்ந்தான். "ஒனக்குத் தெரியாதா?"

"தோத்துட்டோம்னு தெரியும். அப்பாகூட பஸ் ஏறுனது ஞாபகம் இருக்குது. அப்புறம் பாத்தா வூட்ல படுத்திருக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

"ரெண்டு வாங்குனோம். ஒண்ணும் போடல."

"எப்பிடி வுழுந்துச்சு?"

அன்வர் டம்ளரைக் கீழே வைத்தான். "ரெண்டும் ஒயரப் பந்து. மூலையில இருந்து வந்துது. நீ எகிறி எடுக்கற பந்துதான். ரெண்டு தடவையும் நான், அல்போன்சு, ஒன்னுதுன்னு கத்திட்டேன். பழக்கம் பாரு. கத்துன பொறகுதான் நீ உள்ள இல்லன்னு நெனப்பு வந்துச்சு. அதுக்குள்ள பந்து உள்ள போயிருச்சு."

அல்போன்ஸ் எதிரே மைதானத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு அது கேக்கவே இல்ல போலிருக்குது" என்றான்.

"கேட்டுச்சு" என்றாள் வேளாங்கண்ணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பேரே ஒனக்குத் தெரியாம ஒக்காந்திருந்த. இவன் கூப்புட்டான், எந்திரிச்ச. ரெண்டு தடவையும் எந்திரிச்ச. நான் கைய வுடல."

டீக்கடைக்காரர் டம்ளர்களை எடுக்க வந்தார். அவள் தன்னுடையதைக் குடித்து முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கும் பரீச்ச இருக்குது. நேரத்தோட போயிப் படுக்கணும். ரெண்டு பேரும் எந்திரிங்க" என்றாள்.